அண்ணாச்சி பதில்கள்: ரொசாரியோவில் இரண்டே கட்சி

போன இதழில் கப்பல் வேலை பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லும்போது, மெஸ்ஸியின் ஊரில் சிவப்புச் சட்டை போட்டு மாட்டிக்கொண்டதை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தேன். எஞ்சின் ரூமில் இருபது வருஷம் வெந்ததைப் பற்றி எழுதியபோதுகூட இத்தனை கடிதங்கள் வரவில்லை. ஆகவே இந்த முறை முழுக்க அந்த ஊர்தான், அர்ஜென்டினாவின் ரொசாரியோ. கால்பந்து பிடிக்காதவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அந்தச் சிவப்புச் சட்டைக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி. (காயல்பட்டினம் வாசகர்)

1995 டிசம்பர். சோயா எண்ணெய் ஏற்றுவதற்காக எங்கள் கப்பல் பரானா ஆற்றுக்குள் ஏறி, சான் லொரென்சோவில் கட்டிக் கிடந்தது. கடலை விட்டு அவ்வளவு தூரம் உள்ளே பெரிய கப்பல் போகிற ஆறு அது. அங்கிருந்து ரொசாரியோ பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நான் அப்போது மூன்றாம் எஞ்சினியர். கப்பலுக்குக் குழாய் மாட்ட வருகிற தொழிலாளி ஒருவரோடு பழக்கமாகிவிட்டது. அவருக்கு ஆங்கிலம் முப்பது வார்த்தை தெரியும், எனக்கு ஸ்பானியம் இருபது. முதல் நாள் அவர் என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "சென்ட்ரலா, ஞூல்ஸா?" என்றுதான் கேட்டார்.

இரண்டும் அந்த ஊரின் கால்பந்து கிளப்புகள் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒருவன் சொல்வதை அவரால் நம்ப முடியவில்லை.

டிசம்பர் 19, கப்பலில் என் வேலை முறை முடிந்த பிறகு ஊரைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். அங்கே அது கோடைக்காலம், நல்ல வெயில். நான் கருப்பு பேன்ட், சிவப்பு டி-ஷர்ட். வடக்கே அரோயிட்டோ என்ற பகுதியில் இறங்கி ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் பாட்டிலை எடுக்கவில்லை. என் சட்டையைக் காட்டினார், அப்புறம் பேன்ட்டைக் காட்டினார், அப்புறம் தெருவைக் காட்டினார். அதில் கோபம் இல்லை. பூஜையறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட சின்னப் பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அன்று ராத்திரி சென்ட்ரலுக்கு முக்கியமான ஆட்டம், வாசலில் எதிரிக் கிளப்பின் நிறத்தில் ஒருவன் நின்றால் அபசகுனமாம். என் நண்பர் "இந்தியா, இந்தியா" என்று ஏதோ சமாதானம் சொன்னார். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழைய நீல டி-ஷர்ட்டை எடுத்து வந்து நீட்டினார். கடைக்குள்ளேயே மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கேள்வி: ஒரே ஊரில் இப்படி இரண்டு கிளப் எப்படி முளைத்தது? யார் மூத்தவர்? (மார்த்தாண்டம்)

மூத்தது ரொசாரியோ சென்ட்ரல். 1889ஆம் வருஷம் டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். 'சென்ட்ரல்' என்பது ஊரின் நடுப்பகுதி இல்லை, ரயில்வேயின் பெயர். ரொசாரியோவிலிருந்து கோர்தோபாவுக்குப் பாதை போட்டது பிரிட்டிஷ் கம்பெனி, பெயர் சென்ட்ரல் அர்ஜென்டைன் ரயில்வே. அதன் பட்டறைகளும் குடியிருப்புகளும் ஊரின் வடக்குப் பக்கம். அங்கே வேலை பார்த்த ஆட்கள் சேர்ந்து தொடங்கியதால் கிளப்பின் முதல் பெயரே சென்ட்ரல் அர்ஜென்டைன் ரயில்வே அத்லெட்டிக் கிளப். முதல் தலைவர் காலின் பெய்ன் கால்டர், ஸ்காட்லாந்துக்காரர். ரயில்வே ஊழியர் என்றால்தான் உறுப்பினர் அட்டை கிடைக்கும்.

1903இல் அந்தக் கதவு திறந்தது. ரயில்வே இன்னொரு கம்பெனியோடு இணைந்த சமயம் அது. ரயில்வேயில் இல்லாதவர்களும் சேரலாம் என்று முடிவு செய்து, பெயரையும் ஸ்பானிய மொழியில் ரொசாரியோ சென்ட்ரல் என்று மாற்றினார்கள். ஆங்கிலம் பேசிய கிளப் ஊர்க்காரர்களின் கிளப் ஆனது அப்போதுதான்.

அதே 1903இல், நவம்பர் 3ஆம் தேதி, அடுத்தவர் பிறந்தார். இங்கே கதை பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. ஐசக் நியூவெல் என்பவர் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்காரர். பதினாறு வயதில் ரொசாரியோவுக்கு வந்து இறங்கினார். வந்ததும் பார்த்த வேலை என்ன தெரியுமா? ரயில்வேயில் தந்தி அடிக்கிற வேலை. எந்த ரயில்வே என்று கேட்காதீர்கள், அதே சென்ட்ரல் அர்ஜென்டைன்தான்! அப்புறம் படித்து ஆசிரியராகி, 1884இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பையன்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் போலவே கால்பந்தும் அங்கே பாடம். அவர் மகன் கிளாடியோவும் பழைய மாணவர்களும் சேர்ந்து அவர் பெயரில் ஆரம்பித்த கிளப்தான் நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ். பெயரிலேயே 'பழைய மாணவர்கள்' இருக்கிறார்கள். ஊர்க்காரர் வாயில் நியூவெல்ஸ் நிற்காது, 'ஞூல்ஸ்' என்பார்கள். ஸ்பானியத்தில் அந்த ஒலிக்குத் தலையில் சுழி போட்ட ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு ஞ இருக்கிறது, கஷ்டமில்லை.

பட்டறைக்காரர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் இன்னொரு பக்கம். இதை வைத்துக்கொண்டு ஏழைக் கிளப், பணக்காரக் கிளப் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. தொடக்கத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். நான் பார்த்த ரொசாரியோவில் ஒரே தெருவில், ஒரே குழாய் மாட்டும் கும்பலில், ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு கட்சியும் இருந்தது. என் நண்பர் சென்ட்ரல். அவர் வீட்டுக்காரி ஞூல்ஸ் குடும்பத்துப் பெண்.

கேள்வி: நியூவெல்ஸ் சட்டை ஏன் கருப்பு-சிவப்பு? (பெயர் வேண்டாம், சேலம்)

கரைவேட்டி சமாச்சாரம் எதுவும் இல்லை. ஐசக் நியூவெல் ஆங்கிலேயர், அவர் மனைவி ஜெர்மன் வம்சம். ஒருவர் நாட்டுக் கொடியிலிருந்து சிவப்பு, மற்றவர் நாட்டுக் கொடியிலிருந்து கருப்பு. சட்டையின் பாதி அப்பா, பாதி அம்மா. சென்ட்ரல் நீலமும் மஞ்சளும்.

கேள்வி: ஒருவரை ஒருவர் ஏதோ மோசமான பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே? (பாளையங்கோட்டை)

மற்றவர் கூப்பிடுவதை விடுங்கள், அவர்களே தங்களை அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நியூவெல்ஸ்காரர் 'லெப்ரோசோ', அதாவது தொழுநோயாளி. சென்ட்ரல்காரர் 'கனாஷா', அதாவது போக்கிரி, அயோக்கியன்.

ஊர் சொல்கிற கதை இது. அங்கே ஒரு மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்கு நிதி திரட்ட இரண்டு கிளப்பையும் ஒரு ஆட்டம் ஆடித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நியூவெல்ஸ் சரி என்றது. சென்ட்ரல் மாட்டேன் என்றது. "நோயாளிகளுக்காக ஆடப் போகிறீர்களா, அப்போ நீங்களும் தொழுநோயாளிகள்தான்" என்று இவர்கள் கேலி செய்ய, "ஒரு தர்ம காரியத்துக்கு வராத நீங்கள் அயோக்கியர்கள்" என்று அவர்கள் திருப்பித் தந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதையில் சென்ட்ரல் செய்தது கேவலம். அதை என் நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நெஞ்சில் தட்டி "கனாஷா!" என்றார், ஏதோ பாரத ரத்னா வாங்கியவர் மாதிரி. அந்த வசவைப் பனியனில் அச்சடித்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறார்கள். திட்டு வாங்கியவனே அதைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டால் திட்டியவன் என்ன செய்ய முடியும்? வேறு திட்டுத்தான் தேட வேண்டும். இரண்டு பக்கமும் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட் சண்டைதானே உலகப் பிரசித்தம். ரொசாரியோ சண்டைக்கு என்ன தனி மவுசு? (திருச்சி)

போகாவும் ரிவரும் தலைநகர் கிளப்புகள். நாடு முழுக்க ரசிகர்கள், டி.வி. முழுக்க அவர்கள் முகம். ஆனால் பியூனஸ் அயர்ஸில் இந்த இரண்டும் பிடிக்காது என்றால் ராசிங், இன்டிபென்டியென்டே, சான் லொரென்சோ (எங்கள் கப்பல் நின்ற ஊர் இல்லை, அதே பெயரில் ஒரு கிளப்) என்று ஒதுங்க இடம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் ரொசாரியோவில் பிள்ளை பிறந்ததும் தொட்டிலுக்கு நீலமா சிவப்பா என்று கேட்பார்கள். மூன்றாவது கிளப் ஒன்று இருக்கிறது, சென்ட்ரல் கோர்தோபா என்று பெயர், அதுவும் ரயில்வேக்காரர்கள் தொடங்கியதுதான். அதன் மேல் எல்லோருக்கும் பாசம். சித்தப்பா வீட்டுப் பிள்ளை மேல் இருக்கும் பாசம்.

முதல் ஆட்டம் 1905 ஜூன் 18. நியூவெல்ஸ் 1-0. ரொம்ப வருஷம் இது ஊருக்குள் நடந்த சண்டைதான். 1939இல் இரண்டு கிளப்பையும் ஒரே சமயத்தில் தேசிய முதல் டிவிஷனில் சேர்த்தார்கள். பியூனஸ் அயர்ஸ், லா பிளாட்டா வட்டாரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே போன முதல் கிளப்புகள் இவைதான். பகையாளிகள் இருவரும் ஒரே ரயிலில் ஏறித் தலைநகருக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு அணிகளுக்கும் இடையே மறக்கவே முடியாத ஆட்டம் எது? (கல்லூரி மாணவி, மதுரை)

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அம்மா.

சென்ட்ரல்காரரிடம் கேட்டால், கேள்வியை முடிக்கும் முன்பே தேதி வந்துவிடும்: 1971 டிசம்பர் 19. தேசியப் போட்டி அரையிறுதி, பியூனஸ் அயர்ஸில் ரிவர் மைதானத்தில். இடமிருந்தோ வலமிருந்தோ ஒரு பந்து உயரமாக வருகிறது, அல்டோ பெட்ரோ போய் என்கிறவர் முன்னால் பாய்ந்து, தரைக்குக் கிடையாகப் பறந்து, தலையால் தட்டி உள்ளே போடுகிறார். 1-0. அந்தப் பாய்ச்சலுக்கு அங்கே 'பாலோமிட்டா', குட்டிப் புறா என்று பெயர். மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் சான் லொரென்சோவை 2-1 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். முதல் டிவிஷன் பட்டம் ஒன்று பியூனஸ் அயர்ஸ், லா பிளாட்டா வட்டாரத்துக்கு வெளியே போனது அதுதான் முதல் தடவை. அந்த இறுதி ஆட்டம் நடந்த மைதானம் எது தெரியுமா? நியூவெல்ஸ் மைதானம். எதிராளி வீட்டு முற்றத்திலேயே பந்தி போட்டுச் சாப்பிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வருஷா வருஷம் டிசம்பர் 19 வந்தால் ரசிகர்கள் கூடி அந்தக் கோலைத் திரும்ப நடத்துகிறார்கள். ஒருவர் பந்தைத் தூக்கிப் போட, அதே போய், தலை நரைத்து வயசான பிறகும், பாய்ந்து தலையால் தட்டுவார். கூட்டம் முதல் முறை பார்ப்பது போலக் கத்தும். சூரசம்ஹாரத்தில் சூரன் தலை விழும் என்று தெரிந்தேதானே திருச்செந்தூர் கடற்கரையில் நிற்கிறோம்? நான் அங்கே போயிருந்தது அதே தேதி என்பதை எனக்கு மூன்று பேர் மூன்று முறை விளக்கினார்கள்.

நியூவெல்ஸ்காரரிடம் கேட்டால் 1974 ஜூன் 2 என்பார். சென்ட்ரலின் அரோயிட்டோ மைதானம். ஆட்டம் டிரா ஆனால் போதும், நியூவெல்ஸுக்கு முதல் பட்டம். ஆனால் 0-2 என்று பின்தங்கிவிட்டார்கள். அப்புறம் ஒன்று திரும்பி வந்தது. கடைசியில் மரியோ ஸனாப்ரியா இடது காலால் ஒன்று விட்டார் பாருங்கள், 2-2. மூன்று வருஷக் கடனை வட்டியோடு, அதுவும் கடன் கொடுத்தவன் வீட்டிலேயே வைத்துத் தீர்த்தார்கள்.

கேள்வி: இரண்டு கிளப்பும் என்றைக்காவது சேர்ந்து ஆடியதுண்டா? (நெய்வேலி)

உண்டு. நான் இப்போது சொன்ன 1974 ஜூன் 2க்கு ஒன்றரை மாதம் முன்னால்தான். ஏப்ரல் 17. உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அர்ஜென்டினா தேசிய அணி, பயிற்சி ஆட்டத்துக்காக ரொசாரியோ வந்தது. ஊர் சார்பில் ஒரு அணி: சென்ட்ரலிலிருந்து ஐந்து பேர், நியூவெல்ஸிலிருந்து ஐந்து பேர். பதினோராவது ஆள் அந்தச் சித்தப்பா பிள்ளை சென்ட்ரல் கோர்தோபாவிலிருந்து, டோமாஸ் கார்லோவிச். ஊரில் 'டிரிஞ்சே' என்பார்கள்.

தேசிய அணியை 3-1 என்று அடித்துப் போட்டார்கள். ஸனாப்ரியா அதில் இருந்தார், பின்னால் உலகக் கோப்பை வென்ற கெம்பஸ் இளைஞராக இருந்தார். ஆனால் ஊர் பேசுவது டிரிஞ்சேயைப் பற்றி. ஒருவன் காலுக்கு நடுவே பந்தை விட்டு, அவன் திரும்பியதும் மறுபடி அதே வழியாகத் திருப்பி விடுவாராம். இடைவேளையில் தேசிய அணியின் பயிற்சியாளர் 'அந்த அஞ்சாம் நம்பர்காரனை வெளியே எடுங்கள்' என்று கெஞ்சினார் என்பது கதை. அவர் ஆட்டத்துக்குப் படமே கிடையாது என்கிற அளவுக்குத்தான் காட்சிகள் மிச்சம், அதனால் கதை வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. பெரிய கிளப்புகளில் அவர் நிலைக்கவே இல்லை. 2020 மே மாதம், அவர் ஓட்டி வந்த சைக்கிளைப் பறிக்க வந்தவன் தள்ளிவிட்டதில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். எழுபத்தி நான்கு வயது.

கேள்வி: நீங்கள் சென்ட்ரல் பக்கம் சாய்கிறீர்கள் என்று உங்கள் பழைய பதில்களிலேயே தெரிகிறது. மெஸ்ஸி நியூவெல்ஸ் பையன், பட்டிஸ்டுட்டா, போச்செட்டினோ, பியெல்சா எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். கொஞ்சம் நியாயமாக இருங்கள். (கோவை)

ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளை வளர்த்தெடுப்பதில் நியூவெல்ஸுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. பியெல்சா பயிற்சியில் 1992இல் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபர்டடோரெஸ் கோப்பை இறுதி வரை போய் பெனால்டியில் பிரேசிலின் சாவோ பாலோவிடம் தோற்றார்கள். அவர் பெயரைத்தான் மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள். மரடோனாகூட 1993இல் அங்கே வந்து அஞ்சே அஞ்சு போட்டி ஆடினார். எல்லாம் சரி.

ஆனால் நான் சாய்ந்த ராத்திரியைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். நான் போயிருந்த அந்த 1995 டிசம்பர் 19 ஆட்டம், தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கான்மெபோல் கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டம். ஒரு வாரம் முன்பு பிரேசிலில் அத்லெடிகோ மினெய்ரோவிடம் சென்ட்ரல் 0-4 என்று உதை வாங்கி வந்திருந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை, நண்பர் வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். வீட்டுக்காரி வாரம் முழுக்க அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் நான்கு விரலைக் காட்டியிருக்கிறார். அன்றும் காட்டிவிட்டுத்தான் எம்பனாடா கொண்டுவந்து வைத்தார்.

ஒன்று விழுந்தது. இரண்டு, மூன்று, எல்லாம் முதல் பாதியிலேயே. அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து வரவில்லை. இரண்டாம் பாதி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோக்காரர் குரல் கம்மிவிட்டது. எனக்கு வியர்த்து நீலச் சட்டையைக் கழற்றப் போனேன், நண்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டை மாற்றியதில்தான் இதுவரை மூன்று விழுந்தது என்பது அவர் கணக்கு. முடியச் சில நிமிஷம் இருக்கும்போது கார்போனாரி நான்காவதைப் போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கணக்குச் சமம், பெனால்டியில் 4-3 என்று சென்ட்ரல் வென்றது. தெருவில் யார் யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். இதற்கு மேலும் ஒருவன் நடுநிலையாக இருந்தால் அவன் மனுஷனே இல்லை.

கேள்வி: அங்கே வன்முறை அதிகம் என்று படிக்கிறோமே? (சென்னை)

உண்மைதான், அதை இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். 2013இலிருந்து அர்ஜென்டினாவில் வெளியூர் அணி ரசிகர்களுக்குப் பெரும்பாலும் மைதானத்தில் இடமில்லை. ரொசாரியோ சண்டையை ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். போதைக் கும்பல்களின் கொலைகள் அந்த ஊரின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கின்றன. சென்ட்ரலில் வளர்ந்த டி மரியா 2024இல் ஊருக்குத் திரும்பி ஆட ஆசைப்பட்டபோது, அவர் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல் எழுதிப் போட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் வந்தார். 2025 ஆகஸ்ட் 23, அரோயிட்டோவில் நியூவெல்ஸுக்கு எதிராக, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஃப்ரீ கிக், பந்து மூலையில் போய்ச் சொருகியது. 1-0. நான் இங்கே நடுராத்திரியில் கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

கேள்வி: மெஸ்ஸியும் டி மரியாவும் எதிரெதிர் கட்சி என்றால் தேசிய அணியில் எப்படி ஒத்துப்போனார்கள்? (எட்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

நல்லாவே ஒத்துப்போனார்கள் தம்பி. 2008 ஒலிம்பிக் இறுதி: மெஸ்ஸி பந்தைத் தந்தார், டி மரியா கோல் போட்டார். 2022 உலகக் கோப்பை இறுதியில் ஆட்ட நேரத்தில் அர்ஜென்டினா போட்டது மூன்று கோல். மெஸ்ஸி இரண்டு, டி மரியா ஒன்று. மூன்றும் ரொசாரியோதான். பயிற்சியாளர் ஸ்கலோனி நியூவெல்ஸில் ஆட ஆரம்பித்தவர், 1978இல் கோப்பை வாங்கித் தந்த மெனோட்டி சென்ட்ரல்காரர். அந்த ஊர்க்காரர்கள் இதையும் கூட்டிக் கழித்து யாருக்கு எத்தனை என்று சண்டை போடுவார்கள், அது வேறு.

கேள்வி: கடைசியில் அந்தச் சிவப்புச் சட்டை என்ன ஆயிற்று அண்ணாச்சி? (அதே காயல்பட்டினம் வாசகர்)

கைப்பையில் சுருட்டி வைத்திருந்தேன். கிளம்பும்போது நண்பர் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரி என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, பையைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, வாயில் விரல் வைத்தார். கொடுத்துவிட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.